எடை மேடைக்காரரின் எடை

லாரி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவர் தராசுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சம்பளம் போடுகிறவருக்கே அது சட்டென்று நினைவுக்கு வராது. இரும்புக் கிடங்குகளைத் தாண்டி, கல் குவாரிக்குப் போகிற சாலை திரும்பும் இடத்தில் அவருடைய எடை மேடை. தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்புத் தளம், பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, அறைக்குள் ஒரு நாற்காலி, ஒரு மைக், சிவப்பு எண்கள் ஓடுகிற ஒரு பெட்டி. அந்த அறையில் அவர் உட்கார ஆரம்பித்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இடையில் நாற்காலிதான் மாறியது, ஆள் மாறவில்லை.

இதென்ன பெரிய வேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். காலி வண்டி ஏறும், எடை பார்ப்பார். சரக்கோடு திரும்ப ஏறும், அதையும் பார்ப்பார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கழித்தலுக்குள் ஒரு மனிதன் என்னென்ன தில்லுமுல்லு செய்ய முடியும் என்பது தராசுக்கு அத்துப்படி. சின்ன வயதில் லாரிக் கிளீனராக ஊர் சுற்றியவர் அல்லவா! காலி எடைக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவன் போலத் தண்ணீர் டிரம்மைத் திறந்துவிடுவது, சரக்கை எடை போடும்போது அதை நிரப்பி வைத்துக்கொள்வது, சீட்டுக்கு அடியில் பாறாங்கல்லை உருட்டி வைப்பது, இப்படிப் பல. இருப்பதிலேயே மலிவான வித்தை, கிளீனர் வண்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டு மேடையின் விளிம்பில் ஒற்றைக் காலை ஊன்றி அழுத்துவது.

“கிளீனர் இறங்கு!” என்று மைக் அலறும்.

ஆளை அவர் பார்த்திருக்கவே மாட்டார். எண்கள் ஆடுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சரக்கு மூச்சு விடாது, மனுஷன்தான் விடுவான் என்பது அவர் கட்சி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் “எடை சரி. வண்டிய எடு” என்பார். இந்த இரண்டைத் தவிர மைக்கில் அவர் மூன்றாவதாக ஒன்று பேசி யாரும் கேட்டதில்லை.

வீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான் என்பாள் மனைவி. அவருக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவதால் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூட கேன்டீன் ஒன்றில் அவள் தலைமைச் சமையல்காரி. வாடி வதங்கி ஒன்றாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைகள் கன்னம் உப்பி ஐந்தாம் வகுப்பை விட்டுப் போவதைத் தன் சொந்தச் சாதனையாகத்தான் அவள் நினைத்தாள். “என் கைச் சாப்பாடு சாப்பிட்டு இளைச்சவங்கன்னு ஒருத்தர காட்டுங்க பாப்போம்” என்று யாரிடமும் சவால் விடுவாள்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரர்தான் ஒரு நாள் ரொட்டியை மென்று விழுங்கப் பார்த்து, முடியாமல், தட்டிலேயே துப்பினார்.

உணவுக்குழாயில் புற்றுநோய். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டி, கட்டி இருக்கிற இடத்தில் பேனாவால் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்குவது, அதன் பிறகு ஆபரேஷன் செய்து எடுப்பது என்று திட்டம்.

“நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. சரி பண்ணிடலாம்” என்றார் டாக்டர். “ஆனா ஒண்ணு. உடம்புல தெம்பு வேணும். எடை ரொம்ப இறங்கிடுச்சுன்னா மருந்தத் தள்ளிப் போட வேண்டியிருக்கும். ஆபரேஷனும் தள்ளிப் போயிடும்.”

சரி பண்ணிடலாம் என்றது மனைவி காதில் விழுந்தது. தள்ளிப் போயிடும் என்றது மட்டும்தான் தராசு காதில் விழுந்தது. வரிசை என்றால் என்னவென்று அவரைப் போல யாருக்குத் தெரியும்? டயர் பஞ்சர் என்று ஒரு லாரி வரிசையை விட்டு நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் முன்னால் வந்துவிடுவான். நகர்ந்தவன் மறுபடி கடைசியில் போய்த்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். சில நாள் அந்த வண்டிக்கு முறை வருவதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். கேட்டைப் பூட்டுகிறவரே இவர்தான்.

அதே நாளில் டயட்டீஷியன் பெண்ணும் வந்து பேசினாள். கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். தராசு மனசுக்குள் அவளுக்கு நாடா என்று பெயர் வைத்துவிட்டார். தன்னைத் தராசு என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கும்போது அதில் என்ன தப்பு? நாடா அவருடைய உயரம், எடை, மேல்கையின் சுற்றளவு எல்லாம் எடுத்தாள். சாப்பிட முடியாமல் போனால் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டு வயிற்றுக்கு நேராக உணவு கொடுக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லி வைத்தாள். மூக்கில் குழாயோடு கண்ணாடி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் தன்னை லாரிக்காரர்கள் பார்த்துச் சிரிப்பது அவர் கண்முன் வந்து போனது.

தில்லுமுல்லு தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாவது தடவை மருந்து ஏற்றப் போனபோது, எடை மேடை அறையின் சாவிக் கொத்தைப் பையிலிருந்து எடுக்க மறந்து எடை இயந்திரத்தில் ஏறிவிட்டார். கிடங்கு பூட்டு, கேட் பூட்டு, ஜெனரேட்டர் பூட்டு என்று பெரிய கொத்து. அன்றைக்குக் கூட்டம் அதிகம். எடை பார்த்த ஆயா எண்ணைச் சொல்ல, பக்கத்தில் நின்ற மனைவி, “பாருங்க, அப்படியேதான் இருக்கு! நான் அடிச்சுக் குடுக்குற முட்டையும் பாலும் வீண் போகல” என்றாள். அந்த முகம்! நோய் பேரைக் கேட்ட நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை.

சாவியை எடுத்து இன்னொரு தடவை ஏறுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவ்வளவு நாள் அடுத்தவன் வண்டியில் கல்லைத் தேடியவர், அன்று தன் பையில் இருந்த இரும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் இறங்கினார்.

அதன்பிறகு தொழில் சுத்தமாகக் காரியத்தில் இறங்கினார். பக்கத்து டயர் கடையில், சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் மாட்டுகிற சின்னச் சின்ன ஈயத் துண்டுகள் கழற்றிப் போட்டுக் கிடக்கும். ஒரு டப்பா நிறைய அள்ளி வந்தார். டயர் கடைக்காரர் எதற்கென்று கேட்கவில்லை; நோயாளியிடம் ஏன் எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. பழைய தோள் துண்டு ஒன்றை மடித்து, வரிசையாகச் சின்னப் பைகள் வைத்து, ஊசி நூலோடு அறையில் உட்கார்ந்து தன் கையாலேயே தைத்தார். பனியனுக்குள் இடுப்போடு கட்டினால் வெளியே தெரியாது. திடீரென்று எடை கூடினால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் குறைந்ததற்கு மேல் துளியூண்டு மட்டும் சேர்த்தார். இந்தக் கைங்கரியத்தை ஒரு லாரிக்காரன் செய்திருந்தால் தராசே அவனைத் தட்டிக் கொடுத்திருப்பார், பிடித்த பிறகு.

மூன்றாவது தடவை போனபோது இயந்திரம் ஐம்பத்து மூன்று கிலோ காட்டியது. மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அன்று நாடா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். சின்ன அறை, ஒரு மேசை, படுத்துப் பார்க்கிற ஒரு கட்டில், சுவரில் ஒரு கடிகாரம்.

“முன்ன சாப்பிட்டதோட பாத்தா இப்ப எவ்வளவு சாப்பிடுறீங்கய்யா? பாதியா, காலா?”

“முக்கால்” என்றார் தராசு.

“அய்யோ, வாய் கூசாம சொல்றாரு பாருங்க!” என்றாள் மனைவி. “கால் கூட இல்லம்மா. நேத்து ஒரு டம்ளர் பாலை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு. ஆனா எடை மட்டும் ஏறுது. அதான் எனக்கே ஆச்சரியம். எல்லாம் என் கைப்பக்குவம்னு வையுங்களேன்.”

நாடா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த நாடாவை உருவி அவர் மேல்கையில் சுற்றினாள். சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு பைக்கின் பிரேக் பிடி போல இருந்த ஒரு கருவியை அவர் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் அழுத்தச் சொன்னாள். தராசு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். மறு கையாலும் அழுத்தினார். லாரிக் கதவை ஒற்றைக் கையால் அறைந்து சாத்துகிற மனிதர், அதற்குள் மூச்சு வாங்கினார்.

“கை இளைச்சிருக்கு. பிடியும் தளர்ந்திருக்கு. சாப்பாடும் இல்ல. ஆனா எடை குறையல” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள் நாடா. “எடைய மட்டும் நம்பக் கூடாதுய்யா. சில பேருக்கு உடம்புல நீர் கோத்துக்கும். உள்ள சதை கரைஞ்சுக்கிட்டே போகும், வெளிய எடை அப்படியே காட்டும்.”

குனிந்து அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை.

“கால்ல இல்ல. அப்ப வயித்துல நீர் சேர்ந்திருக்கான்னு பாக்கணும். கட்டில்ல படுங்க. தேவைப்பட்டா இன்னிக்கே ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்றேன்.”

தராசு எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், பசியாக இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்று என்னென்னவோ வாய்க்கு வந்தது. அதற்குள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“வயித்துல தண்ணியா? அப்படின்னா... அப்படின்னா ரொம்ப முத்திடுச்சாம்மா? இவ்வளவு நாளா நான் தண்ணியவா பாத்து சந்தோஷப்பட்டேன்?”

எந்த முகத்தைப் பார்ப்பதற்காக இத்தனையும் செய்தாரோ, அந்த முகம் இப்போது பேயறைந்த மாதிரி இருந்தது. தராசுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார். “ஈயம்.”

சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்து, அந்தத் துண்டை மேசைமேல் வைத்தார். தொப்பென்று விழுந்ததில் பேனா ஒன்று உருண்டு கீழே போனது.

“போன தடவை வெறும் சாவிக் கொத்துதான், பையில மறந்து இருந்துச்சு” என்றார். நாடா அந்தத் துண்டைத் தூக்கிப் பார்த்தாள், ஒரு பையைப் பிதுக்கிப் பார்த்தாள், சிரிக்கவா வேண்டாமா என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“நீங்க என்ன வேலைய்யா பாக்குறீங்க?”

“எடை மேடைங்க. லாரிக்கு எடை போடுறது.”

“நல்லாப் போட்டீங்க!” என்றாள் நாடா. அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது. “உங்களுக்கு எவ்வளவு மருந்து ஏத்தணும்னு எத வச்சு கணக்குப் போடுறாங்கன்னு நினைச்சீங்க? உங்க உயரத்தையும் எடையையும் வச்சுத்தான். இல்லாத ஆளுக்கும் சேத்து மருந்து ஏத்த வச்சிருக்கீங்க. போன தடவை வெறும் சாவிக் கொத்துதான்கிறதால பெரிசா ஒண்ணும் ஆகியிருக்காது. இத கட்டிக்கிட்டு இப்படியே போயிருந்தா? அதோட, போன தடவையே தெரிஞ்சிருந்தா நான் குழாய் போட்டு உங்களுக்குச் சாப்பாடு கொடுக்க ஆரம்பிச்சிருப்பேன். சும்மா பட்டினி கிடந்திருக்கீங்க.”

தராசு தலையைக் குனிந்துகொண்டார். அவரிடம் பிடிபட்ட லாரிக்காரர்கள் அப்படித்தான் நிற்பார்கள். இவனுக்கெல்லாம் வெட்கமே இல்லையா என்று அவர் நினைப்பதுண்டு. இருக்கிறது என்று இப்போது தெரிந்தது.

மனைவி அந்தத் துண்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“இதுக்கா நான் விடிகாலைல எந்திரிச்சு சூப் வச்சேன்?” என்றாள். “இந்த ஈயத்துக்கா?” அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “ஏங்க, நான் பட்ட சந்தோஷத்தப் பாத்தப்ப உங்களுக்கு உறுத்தவே இல்லையா?”

“அந்த சந்தோஷத்துக்காகத்தான்” என்றார் தராசு.

வெறும் இடுப்போடு ஏறி நின்றபோது இயந்திரம் நாற்பத்தொன்பது காட்டியது. டாக்டருக்கு ஆள் போனது. அவர் வந்து மேசைமேல் கிடந்ததைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

“நான் மருந்தத் தள்ளிப் போட்டுடுவேன்னு பயந்தீங்களா?”

“வரிசை போயிடுமேன்னு...”

“என்ன வரிசை?”

தராசு சொன்னார். பஞ்சரான லாரி, பின்னால் நிற்கிறவன், பூட்டுகிற கேட் எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி மனைவியே கேட்டதில்லை.

“அய்யா, உங்களுக்குப் பின்னால யாரும் நிக்கல” என்றார் டாக்டர். “இந்த வரிசைல நீங்க ஒரே ஆள்தான். ஒரு வாரம் தள்ளினா அந்த ஒரு வாரம்தான். அந்த வாரத்துல குழாய் வழியா உடம்புக்குக் கொஞ்சம் தெம்பேத்துவோம். அப்புறம் சரியான எடைக்குச் சரியான மருந்து. நீங்க தேறிக்கிட்டு வந்தா ஆபரேஷன் நாளும் பெரிசா மாறாது. கட்டி சுருங்கத்தான் செய்யுது.”

தராசு வயிற்றில் அப்போதுதான் பால் வார்த்த மாதிரி இருந்தது. இடுப்பில் கட்டியிருந்ததை விடக் கனமான ஒன்று இறங்கிப் போனது. இதைக் கேட்க ஒரு வாய் வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையை வாயைத் திறந்து கேட்காமல், துண்டைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் மனுஷன்!

குழாய் போடும்போது மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, தும்மல் வந்தது. அவ்வளவுதான். இரண்டு நாளில் அது இருப்பதே மறந்து, மூக்கைச் சொறியப் போய் மனைவியிடம் திட்டு வாங்கினார். குழாயில் என்ன விட வேண்டும், எவ்வளவு மெதுவாக விட வேண்டும், பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று நாடா சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். தலையை உயர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, கேன்டீன் கதை முழுவதையும் சொல்லி முடிப்பதற்கும் உணவு இறங்கி முடிப்பதற்கும் சரியாக இருக்கும். தப்பித்து எழுந்து போக அவரால் முடியாது. கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு பொறுமையாக அவர் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

மருந்து ஏற்றி, அலுப்பு தீர்ந்ததும், அரை நாள் வேலைக்குப் போனார். கண்ணாடி ஜன்னலில் குழாயோடு அவரைப் பார்த்த முதல் ஆள் மீசை டிரைவர். அவருடைய கிளீனர் போன மாதம்தான் விளிம்பில் காலை வைத்து மாட்டியிருந்தான். தராசு மனசைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்தார்.

“என்னண்ணே, டேங்க்குக்குத் தனியா லைன் போட்டாச்சா?” என்றார் மீசை. “நல்லாப் போட்டுக்குங்க. நீங்க இல்லாதப்ப இங்க ஒரு சின்னப் பையன் உக்காந்திருந்தான். நாங்க என்ன சொன்னாலும் நம்புறான். ஏமாத்தவே மனசு வரல.”

அதுதான் நடந்தது. சிரிப்பார்கள் என்று பயந்தது நடந்தது; ஆனால் அந்தச் சிரிப்பில் தானும் சேர்ந்துகொள்வோம் என்பது அவர் எதிர்பாராதது.

ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் அளந்து பார்த்து, உடம்பு தாங்கும் என்று சொன்னால்தான் நாள் குறிப்பார்கள். அன்று காலையிலிருந்து மனைவி வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் வருவதைப் பார்த்துத் தராசுக்குத்தான் உதறல் எடுத்தது.

நாடா முதலில் மேல்கையைச் சுற்றி அளந்தாள், தலையாட்டினாள். பிடி கருவியைக் கொடுத்தாள். அவர் அழுத்தியதைப் பார்த்து, “அய்யா, உடைச்சிடாதீங்க” என்றாள். பிறகு எடை இயந்திரத்தைக் காட்டினாள்.

தராசு செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையைக் காலி செய்தார், சாவியை மேசைமேல் வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றினார். யாரும் கேட்காமலே சட்டையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

“போதும்யா, நம்பிட்டேன்” என்றாள் நாடா.

ஏறி நின்று, கீழே பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எண்கள் வெறும் சிவப்புப் புகையாகத் தெரிந்தன. மனைவி அவருக்குப் பின்னால் வந்து நெருங்கி நின்றாள். நாடா குனிந்து எண்ணைப் படிக்கப் போனாள். அது நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது, நின்றது, லேசாக ஆடியது, மறுபடி ஏறியது.

புகையாகத் தெரிந்தாலும் ஆட்டம் தெரியாமல் போகுமா அவருக்கு? திரும்பவே இல்லை.

“கிளீனர் இறங்கு!” என்றார், அதே மைக் குரலில்.

நாடா நிமிர்ந்து பார்த்தாள். மனைவியின் செருப்பில்லாத வலது கால் இயந்திரத்தின் விளிம்பில் இருந்தது. பெருவிரல் அழுந்தி வெளுத்திருந்தது. அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய பெண்பிள்ளை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் கண்டு நடுங்குகிற சமையல்காரி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஒரு அரைக் கிலோ குறைஞ்சு போச்சுன்னா...” என்றாள் துணிக்குள்ளிருந்து. “பயமா இருந்துச்சுங்க. என்னையறியாம வச்சுட்டேன்.”

தராசு இப்போதுதான் திரும்பினார். அவரைத் திட்டிய வாய், ஈயத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுத கண். கை நீட்டி அவள் தோளைப் பிடித்தார். உடனே, அதுவும் கணக்கில் வந்துவிடும் என்று நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் அது நினைவு வந்ததே என்று மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இயந்திரம் பாட்டுக்குக் குலுங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு நாடா மறுபடி குனிந்தாள்.

“ஐம்பத்தொண்ணரை. ஏறியிருக்கு” என்றாள். “கைய அளந்ததும் அதையேதான் சொல்லுது, பிடியும் அதையேதான் சொல்லுது. மூணும் ஒத்துப் போகுது. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்.”

மனைவி முந்தானையை விலக்கி, “நிஜமாவா?” என்றாள். நாடா அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு, லாரி, வரிசை, மைக் எல்லாவற்றையும் பற்றி இத்தனை நாளாக அவரிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்த அந்தப் பெண், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“எடை சரி” என்றாள். “வண்டிய எடுங்க.”

தராசு இறங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சாவிக் கொத்தை எடுக்க மேசைப் பக்கம் திரும்பினார். மனைவி அதை எடுத்து ஏற்கெனவே தன் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.